வேலூர் லாங்கு பஜார் சந்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் கடை: போகலாமா?

போகலாம். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம் செய்துவிட்டுக் கொடுங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவின் பழைய பிலிப்ஸ் ரேடியோ வருஷக்கணக்காகப் பரணில் கிடந்தது. தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டி வைத்திருந்த காலத்து செட். மூன்று பேண்ட், நாலு பெரிய பேட்டரிக் கட்டை. போன மாதம் வெள்ளையடிக்கும்போது கீழே இறக்கினார்கள், காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. விசாரித்ததில் லாங்கு பஜாரிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இன்னும் ரேடியோ பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். பெயர்ப் பலகை கிடையாது. வண்டியோடு உள்ளே போகாதீர்கள், கோட்டைப் பக்கம் விட்டுவிட்டு நடப்பதுதான் உத்தமம்.

பாய்க்கு எழுபது வயது இருக்கும். பின்மூடியைக் கழற்றினார், உள்ளே பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. "இன்னா தம்பி, கட்டைய எடுக்காமலே மேல போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு அதற்குப் பிறகு அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. கண்டென்சர் நாலு உலர்ந்துபோச்சு, பேண்ட் ஸ்விட்சில் கரி, வால்யூம் கன்ட்ரோல் கரகரக்கும், டயல் நூல் அறுந்திருக்கு என்று கடைசியில் சொன்னார். 850 ரூபாய், பத்து நாள். ஆனது மூன்று வாரம். போன் எடுக்க மாட்டார், பில்லும் கிடையாது.

காத்திருந்த மூன்று வாரமும் எனக்கு ஏழாம் வகுப்புதான் ஞாபகம். மற்ற பையன்கள் கிரிக்கெட் கார்டு சேர்த்தார்கள், எனக்கு ரேடியோ. சாயங்காலம் மொட்டை மாடித் துணிக்கொடியில் செம்புக் கம்பியைக் கட்டி ஏரியலில் சுற்றிவிட்டால் பீஜிங்கின் தமிழ் ஒலிபரப்பு வரும், மணிலாவிலிருந்து வேரித்தாஸ் தமிழ் வரும். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள் நம் தமிழ் வாத்தியாரைவிடச் சுத்தமாகப் பேசுவார்கள். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதின் குரல் கேட்டால் அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் அதிகமாக வைக்கச் சொல்லுவாள். கணக்கு நோட்டின் பின்பக்கம் முழுக்க சின்போ எண்கள்தான்: சிக்னல் பலம், குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத்தில் எப்படி என்று ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட்டு அந்த நிலையத்துக்கு அனுப்பினால் அவர்கள் வண்ண அட்டை அனுப்புவார்கள். கணக்கு வாத்தியார் எனக்குப் போட்ட மார்க்கைவிட நான் மணிலாவுக்குப் போட்ட மார்க்தான் அதிகம். 1989-இல் மாவட்டம் பிரிந்து எங்கள் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆன பிறகும் கவரில் வெறும் வட ஆற்காடு என்றே வரும், தபால்காரர் அதற்கெல்லாம் கவலைப்பட்டதில்லை.

பேட்டரி இறங்கிப்போனால் மாடித் தளத்தில் காய வைப்போம். வெயிலூர் வெயிலில் இன்னும் இரண்டு நாள் ஓடும்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, பின் தெருவில் இருந்த ஒரு பாயம்மாவின் மகன் அங்கே வேலையில் இருந்தான். தினமும் ராத்திரி ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்க எங்கள் வாசற்படிக்கு வந்துவிடுவார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் வர மாட்டார்கள். அலை மங்கினால் நான் ஏரியலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், என் கை பட்டால் தெளிவாகும். ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானத்தில் நம் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள் என்று செய்தி வரும். 1,70,000 பேருக்கு மேல் அப்படி வந்தார்கள் என்பது நான் பிற்பாடு படித்தது, அன்றைக்கு அவர்களுக்கு ஒருத்தன் வந்தால் போதும். காலாண்டுப் பரீட்சை நடக்கும்போது வந்து இறங்கினான், ஒரே ஒரு தோள்பையோடு.

அந்த நாட்களில்தான் இருட்டில் ஸ்டேஷனைத் தேட வேண்டாமென்று அக்காவின் நகப்பூச்சை எடுத்து டயல் கண்ணாடியில் புள்ளி வைத்தேன். தமிழோசைக்குச் சிவப்பு, மணிலாவுக்கு ரோஸ், அப்புறம் பீஜிங்குக்கு இரண்டு புள்ளி.

சரி, கடைக்கு வருவோம். நான் போனபோது பாய் டயல் நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். தூண்டில் நைலான் நூல். குச்சியில் இரண்டரைச் சுற்று, கப்பியில் ஒரு சுற்று, ஸ்பிரிங்கைக் குறடால் இழுத்து மாட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். ஷட்டரில் ஒரு ஒயரைக் கொக்கிபோல மாட்டி ஏரியலோடு சேர்த்தார். முள் வழுக்காமல் ஓடியது. 720-இல் சென்னை வானொலி, குரல் அப்படியே பழைய கனத்தோடு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

கண்ணாடி மட்டும் பளபளவென்று இருந்தது. புள்ளி ஒன்றுகூட இல்லை.

"ஏதோ பெயின்டு ஒட்டினு இருந்திச்சு தம்பி, தின்னர் போட்டுத் தொடச்சிட்டேன், அதுக்குக் காசு வேணாம்."

என்ன சொல்ல முடியும்? 850 கொடுத்துவிட்டு வந்தேன். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது, மணிலாவும் 2018-இல் சிற்றலை ஒலிபரப்பை விட்டுவிட்டது, புள்ளி இருந்திருந்தாலும் அந்த இடத்தில் இப்போது வருவது இரைச்சல்தான். இருந்தாலும் நாலு நாள் பாய்மேல் கோபம் இருந்தது.

ரிப்பேரான செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்பவர்களுக்கு: எல்.இ.டி. பல்பையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் சரியாகப் பார்க்கவில்லை என்று பாயைத் திட்டுவீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை பூட்டியிருக்கும். கொடுக்கும்போது செட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எதைத் துடைக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் அவர் காதில் விழாது, எந்நேரமும் ஏதாவது ஒரு ரேடியோ அங்கே பாடிக்கொண்டிருக்கும்.