2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: பழையது கையில் இருக்க, புதியதை வாங்கலாமா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸின் விதிப்புத்தகமான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் எங்கள் வெள்ளவத்தைக் குழுவில் பல வருடம் உழைத்தது. 2024 செப்டம்பரில் வந்த புதிய பதிப்பை வைத்தும் இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆடிவிட்டோம். பழையதை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேசைக்கு ஒரு பிரதி போதும், ஆனால் அந்த ஒன்று கட்டாயம் வேண்டும்.

அமெரிக்க விலை 49.99 டொலர். இங்கே இலங்கையில் அதுவே கிட்டத்தட்ட 15,000 ரூபா, அனுப்பும் செலவு வேறு. ஆளுக்கொன்று வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. நாங்கள் காசு சேர்த்துத்தான் எடுத்தோம். மற்றவர்களுக்கு, 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. 12 கிளாஸும் (பாத்திர வகை) அதில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்கிளாஸ் (உட்பிரிவு) மட்டும்தான். புத்தகத்தில் நான்கு.

காசுக்குப் பெறுமதி தருவது வெப்பன் மாஸ்டரி, அதாவது ஆயுதத்துக்கு ஒரு கூடுதல் விளைவு தரும் விதி. முன்பு ஃபைட்டருக்கு (போர்வீரன்) முறை வந்தால் "அடிக்கிறேன்" என்பதற்கு மேல் சொல்ல அதிகம் இருக்காது. இப்போது கிரேட்சோர்ட் (பெரிய வாள்) குறி தவறினாலும் கொஞ்சம் காயப்படுத்தும். வார்ஹாமர் (போர்ச் சுத்தியல்) பட்டால் எதிரியை 10 அடி தள்ளலாம். எங்கள் குழுவில் ஃபைட்டர் ஆடும் தம்பி முன்பெல்லாம் முறை வரும்வரை போன் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது யாரைப் பாலத்திலிருந்து தள்ளலாம் என்று மற்றவர்கள் ஆடும்போதே கணக்குப் போடுகிறான். இதைப் பார்ப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் எதிரியை விழுத்தும் டாப்பிள் மட்டும் ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்குத் தொல்லை. அடி விழும் ஒவ்வொரு தடவையும் எதிரிக்காக ஒரு சேவ் (தப்புகிறதா என்று பார்க்கும் பகடை) உருட்ட வேண்டும், லெவல் ஏற ஏறச் சண்டை இழுபடும்.

பலடின் (புனித வீரர்) ஆடும் அக்கா, அடியோடு கூடுதல் காயம் சேர்க்கும் டிவைன் ஸ்மைட்டின் மாற்றத்தை இன்னும் ஏற்கவில்லை. முன்பு அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் அதைச் சேர்க்கலாம். இப்போது அது கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் போடும் மந்திரம், ஒரு முறைக்கு ஒன்றுதான். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெரிய எதிரி ஒரே சுற்றில் செத்து விழுவது குறைந்திருக்கிறது, மற்றவர்களுக்கும் அடிக்க இடம் கிடைக்கிறது.

இன்னொன்று, புத்தகத்தின் கடைசியில் உள்ள ரூல்ஸ் குளோசரி. கிராப்பிளா (பிடித்து வைப்பது), எக்ஸாஸ்ஷனா (களைப்பு), எது சந்தேகமென்றாலும் அங்கே அகரவரிசையில் இருக்கிறது. பழைய புத்தகத்தில் இதற்காக அத்தியாயம் அத்தியாயமாகப் புரட்டுவோம். குணப்படுத்தும் மந்திரமான கியூர் வூண்ட்ஸ் 1டி8-இலிருந்து (ஓர் எட்டுப்பக்கப் பகடை) 2டி8 (இரண்டு) ஆனதும் நல்லது, கிளெரிக் (பூசாரி) குணப்படுத்தினால் இப்போது உண்மையிலேயே தெரிகிறது.

பழைய சாகசப் புத்தகங்களைத் தூக்கிப் போட வேண்டாம், புதிய விதியிலும் அவை ஓடுகின்றன. ஆனால் ஒரே மேசையில் பாதிப் பேர் 2014 விதியிலும் பாதிப் பேர் 2024 விதியிலும் ஆடினால் பழைய விதிக்காரர்கள் பின்தங்கிவிடுவார்கள். மாறுவதென்றால் எல்லோரும் சேர்ந்து மாறுங்கள், அதுவும் ஒரு கதை முடிந்த பிறகு.

எதிரி மிருகங்களுக்கான புதிய மான்ஸ்டர் மானுவல் 2025 பெப்ரவரியில் வந்தது. டிஎம் மட்டும் பார்க்கும் புத்தகம் அது, பழைய மிருகங்களே இன்னும் நன்றாக உழைக்கின்றன. நடக்கிற கதை முடியும்வரை அதை நான் வாங்கப்போவதில்லை.