ஸ்டென்சில் மரப்பெட்டி கிட்: ஸ்டென்சில் அருமை, கீலில் கோட்டை விட்டிருக்கிறார்கள்

லேசரில் வெட்டிய 6 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகைகள் ஆறு, பூக்கொடி ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய அச்சுத்தாள்) ஒன்று, தூரிகை, இரண்டு கீல், அவற்றுக்கு எட்டு ஸ்க்ரூ. கிட்டில் இவ்வளவுதான். மரப்பசை, பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு), அக்ரிலிக் பெயின்ட், வார்னிஷ், உப்புத்தாள் எல்லாம் தனியே வாங்க வேண்டும். கட்டி முடித்தால் 25 × 18 செ.மீ. அளவில், 10 செ.மீ. உயரப் பெட்டி கிடைக்கும்.

பலகை ஓரங்களில் பற்கள் வெட்டியிருப்பதால் ஆணி தேவையில்லை. பசை தடவும் முன் ஒருமுறை வெறுமனே கோத்துப் பார்த்துவிடுங்கள். லேசர் பட்ட ஓரங்களில் கரி ஒட்டியிருக்கும். உலர்ந்த துணியால் நன்றாகத் துடைக்காவிட்டால் அது பசையிலும் பெயின்ட்டிலும் கலந்து வெள்ளை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். பற்களை மட்டும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பிடிப்பு தளர்ந்துவிடும். பசை போட்டதும் மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டி, மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஏறத்தாழ 30.8 செ.மீ. வந்தால் பெட்டியின் மூலைகள் செங்கோணமாக நிற்கின்றன. வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்திவிட்டு டேப்பை இறுக்குங்கள். பசை பிடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கிட்டோடு வரும் தாளில் ‘நேரடியாகப் பெயின்ட் அடிக்கலாம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். எம்.டி.எஃப்.-இன் முகப்பு பரவாயில்லை, வெட்டிய ஓரம்தான் பெயின்ட்டை உறிஞ்சி உப்பிச் சொரசொரப்பாகும். ஓரங்களுக்கு மட்டும் பிரைமர் இரண்டு முறை, ஒவ்வொன்றும் காய்ந்ததும் 240-ஆம் எண் உப்புத்தாளால் தேய்ப்பு. அதன் மேல் அடிப்படை நிறம் மெல்லிசாக இரண்டு கோட். ஒரு இரவு காயவிட்டுத்தான் ஸ்டென்சிலைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் டேப்பை உரிக்கும்போது நிறமும் சேர்ந்து உரிந்து வரும்.

இந்தக் கிட்டை வாங்கலாம் என்பதற்குக் காரணமே ஸ்டென்சில்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாள் என்றால் தூரிகை பட்டதும் ஓரம் தூக்கிக்கொண்டு, அடியில் பெயின்ட் ஓடிவிடும். இது கனமான மைலார், அதாவது உறுதியான பாலியெஸ்டர் தாள். மூடி மேல் வைத்தால் அப்பளம் மாதிரி வளையாமல் படிந்து கிடக்கிறது. வெட்டுகளுக்கு நடுவிலுள்ள இணைப்புப் பட்டைகளும் போதிய அகலத்தில் இருப்பதால் கழுவும்போது அறுவதில்லை. மூடியின் குறுக்கிலும் நெடுக்கிலும் மையக்கோடு போட்டு, ஸ்டென்சிலின் மையத்தை அதோடு பொருத்தி நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். தூரிகை நுனியில் கொஞ்சம் பெயின்ட் எடுத்து, காகிதத்தில் தட்டித் தட்டி, இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றும்வரை துடைத்துவிட வேண்டும். பிறகு தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்தினால் போதும். இழுத்துத் தீட்டக் கூடாது. முதல் சுற்றில் நிறம் வெளிறித்தான் தெரியும், இரண்டாம் சுற்றில் நிரம்பிவிடும். கோடு பிசிறினால் பத்தில் ஒன்பது முறை காரணம் பெயின்ட் அதிகமானதுதான். பெயின்ட்டில் தண்ணீர் கலந்தாலும் இதே கதிதான். ஸ்டென்சிலை நேராக மேலே தூக்குங்கள், உடனே வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள்.

கூட வரும் தூரிகை இந்த வேலைக்கு லாயக்கில்லை. மயிர் நீளமாக, தளர்வாக இருக்கிறது. குத்தும்போது விரிந்து ஸ்டென்சிலுக்கு அடியில் நுழைகிறது. நுனி தட்டையாக வெட்டிய குட்டை மயிர்த் தூரிகை அல்லது அடர்த்தியான ஸ்பாஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள்.

கீல் விஷயம் அதைவிட மோசம். பலகையின் கனம் 6 மி.மீ., கொடுத்திருக்கும் ஸ்க்ரூ 10 மி.மீ. கீலின் தகட்டைக் கழித்தாலும் முனை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், கையைக் கிழிக்கும். பின்பலகையிலும் மூடியிலும் கீல் வரும் இடத்தில் உட்பக்கமாக 6 மி.மீ. கனத்தில் ஒரு மரத்துண்டை ஒட்டிவிட்டால் முனையும் மறையும், பிடியும் கூடும். மூடி இறங்கும்போது இரண்டு துண்டும் இடிக்காதபடி விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். மெல்லிய டிரில் பிட்டால் முன்துளை போடாமல் முறுக்கினால் எம்.டி.எஃப். பிளக்கும்.

வார்னிஷ் தண்ணீர் அடிப்படையிலான (வாட்டர்-பேஸ்டு) வகையாக இருக்கட்டும். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் வெளிர் நிறங்களை மஞ்சளாக்கும். மெல்லிசாக மூன்று கோட். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறதே என்று உடனே மூடியைச் சாத்தாதீர்கள்: பெயின்ட் மேல் பெயின்ட் ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது விளிம்பு உரியும். ஒரு வாரம் திறந்தே வைத்திருந்துவிட்டு, மூடியும் பெட்டியும் தொடும் இடத்தில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிட்டுச் சாத்துங்கள்.