கியோட்டோவில் எங்கே தங்கலாம்: நகாக்யோவா, கியோனா, ரயில் நிலையமா?

ரயில் நிலையப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். ஷிங்கான்சென் எனும் அதிவேக ரயிலில் இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டே அறைக்குப் போகலாம். நாரா, ஒசாகா என்று தினமும் வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு அதுதான் சரி. மற்றபடி 1997-இல் திறந்த பிரம்மாண்டமான நிலையக் கட்டடம், எதிரே 131 மீட்டர் கோபுரம், அவ்வளவுதான். இரவில் காலாற நடக்கச் சுவாரசியமான தெருக்கள் குறைவு.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். காமோ ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் கியோன், நாம் படங்களில் பார்த்த கியோட்டோ: மரவீடுகள், காகித விளக்குகள், மாலையில் விருந்துக்கு விரையும் கெய்ஷாக்கள் எனும் ஆடல்பாடல் கலைஞர்கள். அழகில் அதற்கே முதலிடம். ஆனால் அதைப் பார்க்க உலகமே வந்து நிற்கிறது. தொல்லை தாங்காமல் 2024-இல் தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை போட்டார்கள். மீறினால் 10,000 யென் அபராதம்.

நகாக்யோ முதல் பார்வைக்கு ஏமாற்றும். காராசுமா-ஒய்கே சந்திப்பில் நின்றால் வங்கிகளும் அலுவலகங்களும்தான். 794-இல் தலைநகரான ஊரின் நடுப்பகுதியா இது? 1788-லும் 1864-லும் பெருந்தீ தின்றது போக மிஞ்சியது கொஞ்சமே. இங்கே பழமையைத் தெருக்களின் போக்கில்தான் தேட வேண்டும். முகப்பு குறுகி உள்ளே நீண்டுகொண்டே போகும் வணிகர் வீடுகளை 'விலாங்கின் படுக்கை' என்கிறார்கள். முகவரியில் 'மேலே ஏறு' என்றால் வடக்கே போ, 'கீழே இறங்கு' என்றால் தெற்கே போ என்று பொருள். அரண்மனை வடக்கே இருந்ததால் வந்த வழக்கு. மேல் என்றால் மேற்கு என்று பழகிய நமக்கு இரண்டு நாள் தலை சுற்றும்.

பார்க்கவும் நிறைய உண்டு. ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், தொகுகாவா இயெயாசு 1603-இல் கட்டிமுடித்த நிஜோ கோட்டையில், கால் வைத்தால் பலகைத் தரை குருவிபோலக் கீச்சிடும். கடைசி ஷோகுன் ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைக்கும் முடிவை 1867-இல் அறிவித்ததும் அங்கேதான். நிஷிகி சந்தை சுமார் 390 மீட்டர் நீளம். ஊறுகாய், மீன், தோஃபு. மாலையானால் கடைகளைச் சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போங்கள். இரவுக்கு உணவகங்கள் நெருங்கிய பொன்தோச்சோ சந்து இருக்கிறது. ஒரு வேடிக்கை: ஜூலையில் நடக்கும் கியோன் திருவிழாவின் தேர்களைக் கட்டி எழுப்புவது கியோனில் இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம், நகாக்யோவிலும் அதை அடுத்த ஷிமோக்யோவிலும்தான்.

என் ஓட்டு நகாக்யோவுக்கு. கவாராமாச்சி பக்கம் அறை எடுத்தால் காமோ ஆற்றின் ஷிஜோ பாலத்தைத் தாண்டி நடந்தே கியோன் போகலாம். காலை ஆறு மணிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது.