பழைய துப்பாக்கியை மாநிலம் தாண்டி அனுப்ப: நேரடி அஞ்சலா, உரிம வணிகரா?

அமெரிக்காவில் தாத்தா காலத்து ரைஃபிள் ஒன்றை வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு விற்கிறீர்கள். பெட்டியில் வைத்து நேராக அவர் வீட்டுக்கே அனுப்பலாமா, இல்லை உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர் வழியாகத்தான் போக வேண்டுமா? முதலில் பார்க்க வேண்டியது 1898 என்ற ஆண்டை.

1898 முடிவதற்குள் தயாரான துப்பாக்கியை, 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தொன்மையானது என்று தனியாகப் பிரித்து, 'துப்பாக்கி' என்ற வரையறைக்கே வெளியே வைத்திருக்கிறது. ஆகவே கூட்டாட்சிச் சட்டப்படி அதற்கு வணிகரும் தேவையில்லை, வாங்குபவரின் பின்னணிச் சோதனையும் தேவையில்லை. அதே மாடல் 1899-இல் செய்யப்பட்டதாக இருந்தால் கதையே வேறு. உரிமம் இல்லாத ஒருவர் அதை வேறு மாநிலத்தவருக்கு நேராக விற்று அனுப்புவது குற்றம்.

பலர் தடுக்கி விழும் இடமும் இந்த ஆண்டுக் கணக்குதான். துப்பாக்கியின் பெயரில் உள்ள ஆண்டு வேறு, அது தயாரான ஆண்டு வேறு. 'மாடல் 1898' என்று பெயர் கொண்ட க்ராக் ரைஃபிள்களில் பெரும்பகுதி அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் செய்யப்பட்டவை. வரிசை எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பி அஞ்சலில் போட்டால் வம்பில்தான் முடியும். மாறாக, பெர்லினின் லூட்விக் லோவே நிறுவன முத்திரை உள்ள மவுசர் ரைஃபிளுக்கு அந்தக் கவலை இல்லை. 1897-க்குள் அந்தப் பெயரே தயாரிப்பிலிருந்து மறைந்துவிட்டது. குழலையும் கட்டையையும் பின்னாளில் மாற்றியிருந்தாலும் கணக்கில் வருவது ரிசீவர் (சுடும் பொறியைத் தாங்கும் நடு உடல்) செய்யப்பட்ட ஆண்டுதான்.

சரி, ஆண்டு உறுதியாகிவிட்டது. நேரடி வழியில் அரசு அஞ்சல்துறையே எனக்கு முதல் தேர்வு. ரிவால்வர் போல மறைத்து வைக்கக்கூடிய ஆயுதங்களை அஞ்சலில் அனுப்ப 1927-இலேயே தடைச் சட்டம் வந்தது. ஆனால் சேகரிப்புப் பொருளாகப் போகும் தொன்மையான கைத்துப்பாக்கிக்கு அஞ்சல்துறை விதிகளே விலக்கு தருகின்றன. யூபிஎஸ், ஃபெடெக்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களோ துப்பாக்கி என்றாலே உரிமமும் தங்களோடு ஒப்பந்தமும் உள்ளவர்களிடம்தான் வாங்குகின்றன. சட்டம் விலக்கிய பழம்பொருள் என்று நீங்கள் சொன்னாலும், நிறுவனத்தின் விதிதான் கவுண்டரில் செல்லும். பொய் சொல்லி அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

நேரடி அஞ்சலுக்கும் வணிகருக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 50 ஆண்டுகளைத் தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்றே தனி உரிமம் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். அது உள்ளவர் 1943-இன் ராணுவ ரைஃபிளைக்கூட வேறு மாநிலத்திலிருந்து நேராகப் பெறலாம். வரவையும் போக்கையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். தொடர்ந்து சேகரிப்பவர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய உரிமம் இது.

கருமருந்தைக் குழலின் வாய்வழியே இடித்துச் சுடும் நகல் துப்பாக்கிகளுக்கும் பொதுவாகத் தொன்மைக்கான விலக்கு உண்டு, போன மாதம் செய்ததாகவே இருந்தாலும். நவீன துப்பாக்கியின் ரிசீவர்மேல் கட்டியதாகவோ, குழலை மாற்றித் தோட்டா போடும்படி எளிதில் ஆக்கக்கூடியதாகவோ இருந்தால் விலக்கு போய்விடும்.

நேரடி வழிக்கு உண்மையான தடை வாங்குபவரின் மாநிலத்தில்தான் இருக்கும். 1890-இல் செய்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் கூட்டாட்சிச் சட்டத்துக்குத் தொன்மையானது. நியூயார்க் சட்டத்துக்கு அந்த ஆண்டு பொருட்டில்லை; தோட்டா போடும் ரிவால்வர் என்றால், அந்தத் தோட்டா இன்று சந்தையில் கிடைக்கக் கூடாது என்கிறது. .45 கோல்ட் தோட்டா இன்றும் கடையில் கிடைப்பதால் அங்கே அந்த ரிவால்வரை வைத்திருக்கக் கைத்துப்பாக்கி உரிமம் வேண்டும். 1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டத்திலும் இதே போன்ற கண்ணி உண்டு. குழலை 18 அங்குலத்துக்குக் குறைவாக வெட்டிய பழைய இரட்டைக்குழல் ஷாட்கன், இன்றும் விற்கும் தோட்டாவைப் போடக்கூடியதாக இருந்தால், எத்தனை பழையதானாலும் அந்தச் சட்டத்தில் சிக்கும். அப்படி ஒன்று கையில் இருந்தால் அனுப்பும் பேச்சை விட்டுவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வணிகர் வழியில் கட்டணமும் அலைச்சலும் உண்டு. விற்பவர் வணிகருக்கு அனுப்ப, வாங்குபவர் அங்கே போய்ப் படிவம் நிரப்பி, சோதனை முடித்து எடுத்துக்கொள்கிறார். ஆனாலும் வரிசை எண் தேய்ந்து ஆண்டு நிரூபணமாகாத துப்பாக்கிக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ஆண்டு தெளிவு, மாநிலமும் தடுக்கவில்லை என்றால் வணிகருக்குப் பணம் கொடுக்கத் தேவையே இல்லை, அஞ்சலே போதும்.

அஞ்சலில் போடும்முன் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள், பழைய வாய்வழித் துப்பாக்கிகளில் மருந்து உள்ளேயே கிடப்பது உண்டு. கருமருந்தையும் தோட்டாவையும் அதே பெட்டியில் வைக்காதீர்கள், அவற்றை அஞ்சலில் அனுப்பவே கூடாது. ஆண்டைக் காட்டும் முத்திரை, வரிசை எண் படங்களின் பிரதி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள்; இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும். பெறுபவர் கையெழுத்து கட்டாயம் என்ற சேவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.