ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டருக்கு இன்னொரு ஃபைல்: ஆர்க்பார்ஸா, க்யூட்டா, ஜிடிகேயா?

ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் ஏற்கெனவே திறந்திருக்கிறது. டெர்மினலில் வேறொரு ஃபோல்டருக்குப் போய், எடிட்டரின் பெயரோடு ஒரு ஃபைல் பெயரையும் தட்டுகிறீர்கள். புது விண்டோ வர வேண்டுமா, திறந்திருப்பதிலேயே ஒரு டேப் வர வேண்டுமா? அந்த ஃபைலை எந்த ஃபோல்டரில் தேடுவது? டெஸ்க்டாப் அப்ளிகேஷனில் ஆர்கியுமென்ட்டை, அதாவது அதன் பெயருக்குப் பின் தட்டும் ஃபைல் பெயரையும் ஆப்ஷன்களையும், பிரித்துப் படிப்பது பெரிய வேலையே இல்லை. சிக்கல் முழுக்க இந்த இரண்டு கேள்விகளில்தான்.

அதைப் படிக்க பைத்தான்காரர்கள் முதலில் எடுப்பது ஆர்க்பார்ஸ் என்ற லைப்ரரி. மொழியோடே வருகிறது, உதவிப் பக்கத்தையும் தானே எழுதித் தருகிறது. ஆனால் அது டெர்மினலை மனதில் வைத்துச் செய்தது. தப்பான ஆப்ஷன் வந்தால் டெர்மினலில் பிழையைச் சொல்லிவிட்டு வெளியேறிவிடும். விண்டோஸில் கன்சோல் இல்லாமல் ஓடும் அப்ளிகேஷன் என்றால், ஐகானைத் தட்டியவர் எதையும் பார்க்க மாட்டார். விண்டோ, பட்டன்களை உருவாக்க உதவும் க்யூட் டூல்கிட்டை பைத்தானில் தரும் பைக்யூட்டோடு சேர்க்கும்போது, க்யூட்டின் சொந்த ஆப்ஷன்களும் ஆர்க்பார்ஸுக்குத் தெரியாதவைதான். தெரிந்த ஆப்ஷன்களை மட்டும் எடுக்கும் 'பார்ஸ்_நோன்_ஆர்க்ஸ்' போட்டு மிச்சத்தை க்யூட்டிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலின் தலையில் புரோகிராம் பெயரைத் திரும்பச் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் முதல் ஆப்ஷனையே பெயரென்று எடுத்துக்கொண்டு க்யூட் அதை விட்டுவிடும்.

க்யூட்டிலேயே ஆர்கியுமென்ட்டைப் படிக்க 5.2 பதிப்பிலிருந்து 'க்யூகமாண்ட்லைன்பார்சர்' இருக்கிறது. அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட்டை உருவாக்கியபின் இதைக் கூப்பிட்டால், க்யூட் தனக்குரிய ஆப்ஷன்களை முன்பே எடுத்துக்கொண்டிருக்கும். விண்டோஸில் கன்சோல் இல்லாவிட்டால் உதவிச் செய்தியை மெசேஜ் பாக்ஸில் காட்டுகிறது. பயனரை நினைத்துச் செய்த வேலை என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் இரண்டாவது முறை திறப்பதைப் பற்றி இந்த பார்சருக்கு அக்கறை இல்லை. ஒரே கணினியில் ஓடும் புரோகிராம்கள் பேசிக்கொள்ள உதவும் 'க்யூலோக்கல்சர்வர்', 'க்யூலோக்கல்சாக்கெட்' இரண்டையும் வைத்து நாமே கட்ட வேண்டும். நான் ஒரு பட வியூவருக்கு அப்படிக் கட்டினேன். ஃபைல் பெயரை மட்டும் அனுப்பினேன், அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்பதை அனுப்பவில்லை. ஓடிக்கொண்டிருந்த வியூவர் தன் ஃபோல்டரில் தேடி, படம் இல்லை என்றது. அனுப்பும் முன்பே முழுப் பாதையாக மாற்றியபிறகுதான் சரியானது.

க்யூட் போன்ற இன்னொரு டூல்கிட்டான ஜிடிகே இந்த இடத்தில்தான் மனதைக் கவர்கிறது. அதன் அடித்தளமான ஜிலிப்பில் 2.28 பதிப்பில் வந்த 'ஜிஅப்ளிகேஷன்' ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஓர் ஐடி கேட்கிறது. அதே ஐடியில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், இரண்டாவதாகத் தொடங்கியது தன் ஆர்கியுமென்ட்டுகளை, புரோகிராம்கள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் டி-பஸ் வழியாக அதனிடம் ஒப்படைத்துவிடும். கமாண்ட் லைனை நானே கையாள்கிறேன் என்று ஃப்ளாக் போட்டிருந்தால், கூப்பிட்டவர் நின்ற ஃபோல்டரும் சேர்ந்தே பயணிக்கிறது. முதல் அப்ளிகேஷன் அச்சிடும் பதில் கூப்பிட்டவரின் டெர்மினலுக்கே போகும், வேலை முடிந்ததா தவறியதா என்று சொல்லும் எக்ஸிட் எண்ணும் அங்கேயே திரும்பும். 2.40இல் வந்த 'ஹேண்டில்-லோக்கல்-ஆப்ஷன்ஸ்' சிக்னலில், பதிப்பு எண் கேட்பது போன்ற சின்ன வேலைகளை ஓடிக்கொண்டிருப்பதைத் தொந்தரவு செய்யாமலே முடித்துவிடலாம். எனக்கு ஒரு வாரம் பிடித்த வேலை இதில் தயாராகவே இருக்கிறது.

லினக்ஸுக்கு மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் ஜிஅப்ளிகேஷனை விட்டு வேறெங்கும் போகாதீர்கள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் என்றால் க்யூட். மேக்கில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஃபைண்டரில் ஃபைலை இரட்டைச் சொடுக்கினால் அதன் பெயர் ஆர்கியுமென்ட்டாக வராது, 'க்யூஃபைல்ஓப்பன்ஈவென்ட்' ஆக வரும். அதைப் பிடிக்காத அப்ளிகேஷன் வெற்று விண்டோவோடு நிற்கும்.