டேலி பிரைம்: இனிப்புக் கவுன்டரை மூடலாமா?

மியான்மரின் யாங்கோனில் மாமாவின் கடைக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். தோசை, பூரிக் கடை ஒரு பக்கம், இனிப்புக் கவுன்டர் ஒரு பக்கம், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஆர்டர் சமையல் தனி. இப்படி இரண்டு மூன்று தொழில் ஒரே கூரையில் நடத்துகிறவர்களுக்கு டேலி பிரைம் நல்ல கணக்கு மென்பொருள். மௌஸைத் தொடாமலே வேலை ஓடும். தோசைக் கடை மட்டும்தான் என்றால் நோட்டுப் புத்தகமே போதும்.

எனக்குப் பிடித்தது காஸ்ட் சென்டர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று திறந்து, வரவையும் செலவையும் பதியும்போதே எந்தப் பிரிவுக்கு என்று சொல்லிவிட்டால், பிரிவுவாரியாக அறிக்கை வந்துவிடுகிறது. அதில்தான் இனிப்புக் கவுன்டர் மாதம் 2 லட்சம் கியாட் நஷ்டம் என்று வந்தது. "மூடிடு, அந்த மூலையை வாடகைக்கு விட்டுடலாம்" என்றார் மாமா. போன் கடைக்காரர் ஒருவர் மாதம் 5 லட்சத்துக்குத் தயாராக இருந்தார்.

அந்த அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். கவுன்டரின் மாத விற்பனை 42 லட்சம். பால், நெய், சர்க்கரை, காஸ், பெட்டி 27 லட்சம். சம்பளம் 9 லட்சம். ஆக 6 லட்சம் மிச்சம். அதன்மேல் வாடகை, ஜெனரேட்டர் டீசல், கல்லாக்காரர் சம்பளம் எல்லாவற்றிலும் பங்கு என்று 8 லட்சம் ஏறியிருந்தது. அந்த விகிதம் நாங்களே கொடுத்தது, டேலி சொன்னபடி பிரித்துத் தந்தது, அவ்வளவுதான். கவுன்டரை மூடினால் வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பாரா? மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் தோசைக் கடைக்காகவும் ஓடத்தான் வேண்டும்.

இதற்கு டேலியிலேயே வழி இருக்கிறது. காஸ்ட் கேட்டகரி என்று இன்னொன்று வைத்தால், ஒரே செலவை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். அதில் 'மூடினால் நின்றுவிடும் செலவு', 'மூடினாலும் தொடரும் செலவு' என்று இரண்டு தலைப்பு போட்டேன். அந்த 8 லட்சத்தில் நிற்கக்கூடியது இனிப்புக் குளிர்பெட்டிக்கு ஆகும் டீசல் ஒன்றரை லட்சம் மட்டும். மீதி ஆறரை லட்சம் அப்படியே தோசைத் தலையில் விழும். அதாவது மூடினால் 6 லட்சம் மிச்சம் போய் ஒன்றரை லட்சம் டீசல்தான் மிஞ்சும், மாதம் நாலரை லட்சம் கையைவிட்டுப் போகும்.

சரி, 5 லட்சம் வாடகை வருமே, அரை லட்சம் மிச்சம்தானே என்று மாமா விடவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்வீட் மாஸ்டர் இங்கே 12 வருடமாக இருக்கிறார், சம்பளம் 4 லட்சம். இந்த நாட்டு 2015 அறிவிப்பின்படி 10 முதல் 20 வருடம் வேலை பார்த்தவரை நிறுத்தினால் 8 மாதச் சம்பளம் தரவேண்டும். 32 லட்சம். மாதம் அரை லட்சமாக அதை எடுக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். கல்யாண ஆர்டருக்கு லட்டு வெளியில் வாங்கும் செலவையும் லட்டு வாங்க வந்து தோசை சாப்பிட்டுப் போகிறவர்களையும் நான் இதில் சேர்க்கவே இல்லை. இவர்களை எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது.

கவுன்டர் நடக்கிறது. பால் இனிப்புகளை மட்டும் வார இறுதிக்கும் பண்டிகைக்கும் என்று குறைத்தோம், மற்ற நாளில் அவைதான் மிஞ்சிக் கெட்டுப்போகும்.

டேலி வாங்கும்போது, ஒரே கம்ப்யூட்டர் என்றால் சில்வர் உரிமம் போதும். கோல்டு பல கம்ப்யூட்டர்களை இணைத்து வேலை செய்கிறவர்களுக்கு. அப்புறம், பிரிவுகளை முதல் நாளே திறந்துவிடுங்கள். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது பெரிய தலைவலி.

அடுத்து ஆர்டர் சமையலையும் இதேபோல் பார்க்கப்போகிறேன். அதில் நல்ல லாபம் என்கிறார் மாமா. வேன் வாடகை எந்தப் பிரிவில் ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் நம்புவேன்.