மண்டிக் கணக்கு மேசையில் கீபோர்டு ஷார்ட்கட்: பல சீசன் பயன்பாட்டில் நிலைத்தவையும் கெடுத்தவையும்

கிருஷ்ணகிரியில் மாங்காய் வரத்து கூடும் மே, ஜூன் மாதங்களில் மண்டிக் கணக்கு மேசைக்கு எடைச்சீட்டு கட்டுக்கட்டாக வரும். தேதி, வண்டி எண், விவசாயி பெயர், ஊர், ரகம், எடை, விலை என ஒரு சீட்டுக்கு ஏழு கட்டம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸைத் தேடினால் இருநூறு சீட்டு முடிய இரவாகிவிடும். எக்செலில் இந்த வேலையைப் பல சீசன் செய்ததில் எந்த ஷார்ட்கட் கையோடு ஒட்டிக்கொண்டது, எது கணக்கையே கெடுத்தது என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம். காப்பி, பேஸ்ட் எல்லோருக்கும் தெரியும். கோப்பைச் சேமிக்கும் கண்ட்ரோல்+எஸ்-ஐ மட்டும் பத்துச் சீட்டுக்கு ஒரு முறை அழுத்துங்கள். கரண்ட் போனால் எக்செல் தானாக மீட்டுத்தரும் பிரதி வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் எடுக்கப்படுகிறது.

எல்லாவற்றிலும் அதிக நேரம் மிச்சப்படுத்துவது டேப், எண்டர் ஜோடி. முதல் கட்டத்தில் தொடங்கி டேப் அழுத்தியே வலப்பக்கம் போய், ஏழாவது கட்டத்தில் எண்டர் தட்டினால் கர்சர் அடுத்த வரியின் முதல் கட்டத்தில் தானாக வந்து நிற்கும். நடுவில் அம்புக்குறி விசையைத் தொட்டால் இந்தக் கணக்கு கலைந்துவிடும்; எண்டர் வேறு கட்டத்துக்குப் போகும். பின்னால் போக வேண்டுமானால் ஷிஃப்ட்+டேப்.

ஊர்ப் பெயருக்கு ஆல்ட்+கீழ் அம்பு. அந்த நெடுவரிசையில் ஏற்கெனவே அடித்த பெயர்கள் பட்டியலாக விழும். அம்புக்குறியால் தேர்ந்து எண்டர் தட்டினால் போதும். வேகத்தைவிட இதில் கிடைக்கும் பெரிய லாபம் எழுத்து மாறாமல் இருப்பது. ஒருவர் ‘காவேரிப்பட்டணம்’ என்றும் இன்னொருவர் ‘காவேரிபட்டிணம்’ என்றும் அடித்தால், ஃபில்டர் போடும்போது ஒரே ஊர் இரண்டாகப் பிரிந்து, பட்டுவாடாவில் ஒருவருடைய சீட்டு விடுபடும். நெடுவரிசையில் காலிக் கட்டம் இருந்தால் அதற்கு மேலே உள்ள பெயர்கள் பட்டியலில் வராது. எண்களும் வராது.

மேல் வரியில் இருப்பதே கீழும் வேண்டுமானால் கண்ட்ரோல்+டி. எஸ் விசைக்கு வலப்பக்கம் இருக்கும் டி இது. தேதிக் கட்டத்தின் மூலையைப் பிடித்து மவுஸால் இழுத்தால் 12, 13, 14 என்று நாள் ஏறிக்கொண்டே போகும். கண்ட்ரோல்+டி அதே தேதியை அப்படியே இறக்கும். ஒரே நாளில் வந்த ஐம்பது சீட்டுக்கு ஐம்பது வெவ்வேறு தேதி விழுவது மண்டிகளில் பார்த்துச் சலித்த பிழை.

இன்றைய தேதிக்கு கண்ட்ரோலுடன் அரைப்புள்ளி விசை. இது நிலையான தேதி, நாளைக்கு மாறாது. தமிழ்99 விசைப்பலகையில் அதே இடத்தில் ‘ந’ இருப்பதால், ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டு அழுத்துவதே உறுதி. தேதியைக் கையால் அடிப்பவர்கள் விண்டோஸின் வட்டார அமைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது அமெரிக்க முறையில் இருந்தால் 05-06 என்று அடித்த ஜூன் 5, மே 6 ஆகிவிடும். 15-06 போன்றவை தேதியாகவே ஏறாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதி இடமும் சில வலமும் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றுங்கள். அதே பெயருள்ள கீபோர்டையும் சேர்த்தால் வலப்பக்க ஆல்ட்+4 ரூபாய்க் குறியைத் தரும்.

கூட்டலுக்கு ஆல்ட்டும் சமக்குறியும். மிக நல்ல ஷார்ட்கட், மிக ஆபத்தானதும்கூட. எடை நெடுவரிசையில் நடுவே ஒரு கட்டம் காலியாக இருந்தால் தேர்வு அங்கேயே நின்றுவிடும்; அதற்கு மேலே உள்ள எடை எதுவும் மொத்தத்தில் சேராது. ‘120 கிலோ’ என்று எழுத்தையும் சேர்த்து அடித்த கட்டமும் அப்படியே நிறுத்திவிடும். எண்டர் தட்டுமுன் சூத்திரத்தில் முதல் வரி எண் சரியா என்று ஒரு பார்வை பாருங்கள். காலிக் கட்டங்களை மொத்தமாக நிரப்ப: எடை நெடுவரிசையில் தரவு உள்ள பகுதியைத் தேர்ந்து எஃப்5, பிறகு ஆல்ட்+எஸ், கே, எண்டர். காலியானவை மட்டும் தேர்வாகும். 0 அடித்து கண்ட்ரோல்+எண்டர் அழுத்தினால் எல்லாவற்றிலும் 0 விழும்.

கமிஷன் விகிதத்தை ஒரே கட்டத்தில் வைத்து, சூத்திரம் எழுதும்போது அதன்மேல் எஃப்4 தட்டிப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் கீழே இறக்கினால் இரண்டாவது வரியிலிருந்தே விகிதம் காலிக் கட்டத்தை நோக்கிப் போய்க் கமிஷன் பூஜ்யமாகும். லேப்டாப்பில் எஃப்4 ஒலியையோ திரையையோ மாற்றினால் எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்துங்கள்; பல மாடல்களில் எஃப்என்+எஸ்கேப் அதை நிரந்தரமாக மாற்றும்.

கணக்கு மென்பொருளான டேலியும் எக்செலும் ஒரே மேசையில் ஓடுமிடத்தில்தான் விரல் ஏமாறும். டேலியில் கண்ட்ரோல்+ஏ வவுச்சரை ஏற்றும். எக்செலில் அதே விசை அட்டவணை முழுவதையும் தேர்வு செய்யும். அப்போது டெலீட் பட்டால் எல்லாம் போய்விடும். பதறாமல் உடனே கண்ட்ரோல்+இசட். இன்னொரு மோதல்: டேலியில் ஆல்ட்+2 வவுச்சரை நகலெடுக்கும், ஆனால் தமிழ் தட்டச்சு மென்பொருளான என்ஹெச்எம் ரைட்டர் ஆல்ட்டுடன் எண் விசையைத் தமிழுக்கு மாறப் பயன்படுத்துகிறது. டேலியில் நகல் வரவில்லை என்றால் முதலில் ரைட்டரை மூடிப் பாருங்கள். விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு விண்டோஸ்+ஸ்பேஸால் மாறுவது எங்கள் தேர்வு. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தடவை தட்ட வேண்டியிருக்கும். கீபோர்டுக்கான மேம்பட்ட அமைப்பில் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி உள்ளீட்டு முறை என்பதைத் தேர்ந்தால், எக்செல் தமிழிலும் டேலி ஆங்கிலத்திலும் நிற்கும். மாற்றும் வேலையே பாதி குறையும்.

அம்புக்குறி அழுத்தினால் கர்சர் அசையாமல் தாள் மட்டும் நகர்கிறதா? ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. லேப்டாப்பில் அந்த விசை இல்லையென்றால் விண்டோஸ்+கண்ட்ரோல்+ஓ அழுத்தித் திரைக் கீபோர்டில் அணைக்கலாம். எழுத்து மெதுவாக ஏறினால், வலப்பக்க ஷிஃப்ட்டை எட்டு விநாடி பிடித்ததால் ஃபில்டர் கீஸ் இயங்கியிருக்கும். கீபோர்டைக் குறை சொல்லிப் புதிது வாங்குமுன் அமைப்பில் பாருங்கள்.

விண்டோஸ்+வி கடைசியாகக் காப்பி செய்த 25 வரை காட்டும். முதல் முறை அழுத்தும்போது இயக்கிக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு எண், கிளைக் குறியீடு, பெயர் மூன்றையும் வரிசையாகக் காப்பி செய்து அடுத்த திரையில் ஒவ்வொன்றாக ஒட்டும்போது இதன் அருமை தெரியும். ஆனால் விவசாயிகளின் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் அதிலேயே கிடக்கும். பலர் உட்காரும் மேசையானால் பட்டுவாடா முடிந்ததும் அதே பலகையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, விண்டோஸ்+எல் அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டு எழுந்திருங்கள்.